கொக்கட்டிச்சோலை திரையில் ஏறிய வரலாறு



மட்டக்களப்பு வாவியின் கீழைக் கரையை எழுவான்கரை என்றும் மேலைக் கரையைப் படுவான்கரை என்றும் அவ்வூர் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்பது பொருள். படுவான்கரையிலே, தான்தோன்றீசுவரர் ஆலயத்தினாற் புகழ்பெற்ற கொக்கட்டிச்சோலை என்னும் ஊர் இருக்கின்றது. அந்த ஊரின் பெயரை ஏட்டில் எழுதுவதற்கு ஒரு பள்ளிச் சிறுவனுக்குச் சில விநாடிகள் போதும். ஆனால் அதே பெயரைக் கணினித் திரையிலே, அதிலும் யாவரும் பெற்றுப் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளத்தக்க திறந்த மூல இயங்குதளங்களின் திரையிலே, பிழையின்றி எழுதுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அந்த இருபது ஆண்டுகளில் அத்திரைகளின் அடித்தளத்தில் நடந்தவற்றையே இன்று தங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

ஏன் இந்த ஊரைத் தேர்ந்தேன் என்று கேட்கலாம். கொக்கட்டிச்சோலை என்னும் சொல்லில் எட்டு எழுத்துகள் உள்ளன. முதலெழுத்தாகிய 'கொ' கொம்பும் காலும் கொண்டது. ஏழாவது எழுத்தாகிய 'சோ' இரட்டைக் கொம்பும் காலும் கொண்டது. ஈற்றெழுத்தாகிய 'லை' முன்னே ஐகாரக் குறி பெற்றது. இடையிலே மூன்று புள்ளியெழுத்துகள். தமிழ் எழுத்தைத் திரையில் வரைவதிலுள்ள தொல்லைகளிற் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லுக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன.

முதலிலே ஒரு சொல்விளக்கம். கணினித் துறையில் நூலகம் என்பது நூல்களை அடுக்கிவைக்கும் இடமன்று. பல நிரல்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை ஒருவர் ஒருமுறை எழுதிவைக்க, ஏனையோர் அழைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் நிரற்றொகுதிக்கு அப்பெயர். கோடு வரைதல், நிறம் தீட்டுதல், எழுத்தைப் பதித்தல் முதலான வேலைகளுக்கு உரியது வரைகலை நூலகம். இத்தகைய துறைகளுக்குத் தமிழில் சொல் இல்லையென்று தயங்குவோர் உண்டு. வாவிக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1930களிலே சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் அன்று அறிஞர்கள் கூடியிருந்து செய்த வேலையை இத்துறைக்கும் செய்ய வேண்டும். அதுவரை, விளங்கக்கூடிய சொல் எதுவோ அதையே நான் கையாளுகின்றேன்.

இனித் திரையின் தன்மையைப் பார்ப்போம். கணினித் திரை என்பது மிக நுண்ணிய புள்ளிகளாலான ஒரு கட்டம். 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட வி.ஜி.ஏ. என்னும் திரையமைப்பில் குறுக்கே 640 புள்ளிகளும் நெடுக்கே 480 புள்ளிகளும் இருந்தன, மொத்தம் 3,07,200. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் நினைவகத்தின் ஒரு பகுதியில் எண்ணாகப் பதிந்திருக்கும். அந்த எண்ணை மாற்றினால் புள்ளியின் நிறம் மாறும். எத்துணை அழகிய படமாயினும், எந்த மொழியின் எழுத்தாயினும், முடிவிலே யாரோ ஒருவர் அந்த நினைவகத்தில் எண்களை எழுதியே ஆகவேண்டும். யார் எழுதுவது, யாருடைய அனுமதியோடு எழுதுவது என்பதே இவ்வரலாற்றின் முதல் வழக்கு.

1991ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளோடு அது சேர்ந்தபோது, விலைகொடாமற் பெறத்தக்க முழுமையான இயங்குதளம் ஒன்று உலகுக்குக் கிடைத்தது. ஆனால் தொடக்கத்தில் அதற்கு எழுத்துத் திரை மட்டுமே இருந்தது. படம் வரையத் தெரியாது. அக்குறையை நீக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று எஸ்.வி.ஜி.ஏ.லிப் என்னும் நூலகம். டொமி ஃபிரைடென்ஸ்பெர்க் என்பவர் எழுதிய சிறு நூலகத்தை ஹார்ம் ஹனமாயர் என்பவர் விரித்தெழுதினார். 1990களின் முற்பகுதியில் லினக்ஸில் விளையாட்டு எழுதியோரும் படம் காட்டியோரும் அதனையே நாடினர்.

அந்த நூலகத்தின் வழி நேரானது. நிரல் நேரே வன்பொருளிடம் செல்லும், திரை நினைவகத்தைத் தானே கைப்பற்றும், விரும்பியதை வரையும். விரைவுக்குக் குறைவில்லை. ஆனால் அவ்வாறு செய்வதற்கு அந்நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரமும் வழங்கப்படவேண்டும். ஒரு சீட்டாட்ட நிரலுக்கு வீட்டின் எல்லாத் திறப்புகளையும் கொடுப்பது போன்றது அது. நிரல் இடையிலே முறிந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். சில வேளைகளில் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குவதைத் தவிர வேறு வழி இராது. இரு நிரல்கள் ஒரே நேரத்தில் ஒரே திரையைக் கேட்டால் தீர்ப்பளிக்க நடுவர் எவருமில்லை.

நடுவர் ஒருவரை வைத்துக்கொள்ளும் முறை அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே 1984இல் பொப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் தொடக்கிய எக்ஸ் சாளர முறைதான் அது. அதன் பதினோராம் பதிப்பு 1987 செப்டெம்பரில் வெளியாயிற்று. அதனை விளக்குவதற்கு மீண்டும் நம் வாவிக்கே வரலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, எழுவான்கரையிலிருந்து மண்முனைத்துறை வழியாகக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவோர் 'பாதை' என்று அங்கே வழங்கும் மிதவைப் படகிலே ஏறிப் போயினர். உழவனாயினும் உத்தியோகத்தனாயினும் துறையிலே காத்திருந்து, அதே பாதையில்தான் கடக்க வேண்டும். எக்ஸ் முறையிலும் எந்த நிரலும் திரையை நேரே தொடாது. "இங்கே ஒரு கோடு, அங்கே ஓர் எழுத்து" என்று எக்ஸ் என்னும் ஒரே பணியாளனிடம் விண்ணப்பம் செய்யும். அவனே அக்கரைக்கு எடுத்துச் செல்வான். விண்ணப்பிக்கும் நிரல் வேறொரு கணினியில், வேறொரு நகரத்தில் இருந்தாலும் தடையில்லை. 1992இல் தொடங்கிய எக்ஸ்.எஃப்.86 என்னும் திட்டம் இம்முறையைச் சாதாரண மக்களின் கணினிகளுக்குக் கொண்டுவந்தது.

ஒழுங்கு வந்தது, தமிழுக்கு மட்டும் இடர் வந்தது. எக்ஸ் முறையின் பழைய எழுத்துவரை ஏற்பாடு மிக எளியது: ஓர் எண்ணுக்கு ஓர் உருவம், உருவங்களை இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கு. ஆங்கிலத்துக்கு இது போதும். 'கொ' என்பதற்குப் போதாது. நாம் ஒலிக்கும்போது ககர மெய் முந்தும், ஒகரம் பிந்தும். எழுதும்போதோ ஒகரத்தின் பாதி ககரத்தின் முன்னும் மறுபாதி பின்னும் நிற்கும். ஒலியின் வரிசை ஒன்று, உருவின் வரிசை மற்றொன்று. உருவங்களை அடுக்க மட்டும் தெரிந்த பணியாளனுக்கு இந்த வேறுபாட்டை யார் சொல்லிக்கொடுப்பது?

எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆகவே தமிழர் வேறு வழி கண்டனர். எல்லா இயங்குதளங்களிலும் அன்று நிகழ்ந்தது இதுவே. ஆங்கில எழுத்துகளின் இடங்களிலே தமிழ் உருவங்களைப் பொருத்தி எழுத்துருக்கள் செய்தனர். இலங்கையிலே பெரிதும் பரவியது பாமினி என்னும் எழுத்துரு. அதில் ஆங்கில 'என்' எழுத்தின் இடத்திலே கொம்பு; 'எஃப்' இடத்திலே ககரம்; 'எச்' இடத்திலே கால். இம்மூன்றையும் தட்டினால் 'கொ' தோன்றும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கோ அது மூன்று ஆங்கில எழுத்து. அகரவரிசைப்படுத்தினால் கொக்கட்டிச்சோலையும் செங்கலடியும் கொம்பின் கீழே ஓரினமாகச் சேரும். களுவாஞ்சிக்குடி வேறெங்கோ போய்விடும். அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத ஒரு கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே எஞ்சும்.

இதை ஒரு சிறு அசௌகரியமென்று தள்ளிவிட முடியாது. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொல்லிற்று. காணிப் பத்திரத்திலும் பிறப்புப் பதிவிலும் வாக்காளர் இடாப்பிலும் ஊர்ப்பெயர் வரவேண்டும். ஓர் அலுவலகத்திலே தட்டிய பெயரை மற்றோர் அலுவலகத்திலே தேடி எடுக்க இயலவில்லையானால், சட்டம் தந்த உரிமை திரையின் அடித்தளத்திலே தடுக்கி விழுந்துவிடுகின்றது. மொழியுரிமையைப் பற்றி நாம் மேடைகளிற் பேசிய அளவில் நூற்றிலொரு பங்கேனும் இந்த அடித்தளத்தைப் பற்றிப் பேசியதில்லை என்பது என் கருத்து.

குறியீட்டுச் சிக்கலைத் தீர்க்க இரு முயற்சிகள் நடந்தன. ஒன்று, உலகத் தமிழன்பர்கள் இணையவழி கூடி 1990களின் இறுதியில் வகுத்த திஸ்கி. அது கொம்பை முதலில் வைக்கும் கண்வழி வரிசையையே கொண்டமையால், எளிய வரைமுறைகளிலும் உடனே இயங்கியது. லினக்ஸில் தமிழைக் கொண்டுவர உழைத்த தொண்டர்கள் தொடக்கத்தில் அதனையே பற்றினர். கியூட்டி என்னும் திறந்த மூல வரைகலை நூலகத்திலும் திஸ்கி இடம்பெற்றது. மற்றொன்று, 1991இல் முதற்பதிப்பு வெளியான ஒருங்குறி. அதிலே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ஒருங்குறி ஒலிவரிசையைப் பின்பற்றுவது. 'கொ' என்பது ககரம், அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டு எண்களாகப் பதியும். கொக்கட்டிச்சோலையின் எட்டு எழுத்துகளும் பதினைந்து எண்களாகும். தேடுவதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் இதுவே தக்க அடிப்படை. இலங்கைக் கட்டளைகள் நிறுவகம் 2008இல் தமிழுக்கென வெளியிட்ட எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமமும் இதனையே தழுவியது.

ஆனால் ஒருங்குறி ஒரு கடனை அடித்தளத்தின் தலையிலே சுமத்திற்று. எண் வரிசை ஒன்று, வரையவேண்டிய உருவ வரிசை வேறொன்று என்றானபின், இடையிலே நின்று ஒகரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னே நகர்த்தி, காலைப் பின்னே வைத்து, ககரத்தோடு புள்ளியைப் பொருத்தி, அதன்பின்னரே திரைக்கு அனுப்பும் ஒரு நூலகம் வேண்டும். அந்த வேலைக்கு எழுத்துருவாக்கல் எனப் பெயரிடலாம். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 2000 இயங்குதளத்திலே தமிழுக்கு அதைச் செய்தது; அந்நிரல் அந்நிறுவனத்தின் உடைமை. பிழை கண்டால் எழுதித் தெரிவிக்கலாம். திருத்துவது அவர்கள் விருப்பம்.

திறந்த மூலப் பக்கத்திலே நடந்தது வேறு. அங்கே வேலை துண்டு துண்டாகப் பலர் கையால் நிகழ்ந்தது. டேவிட் டர்னர் 1996இல் தொடங்கிய ஃபிரீடைப் நூலகம், எழுத்துருக் கோப்பிலுள்ள வளைகோடுகளைப் புள்ளிகளாக மாற்றும். அதற்கும் தடை வந்தது: எழுத்தின் ஓரங்களைச் சீராக்கும் ஒரு முறைக்கு அப்பிள் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது, அது 2010இல் காலாவதியாகும்வரை அப்பகுதியை அணைத்தே வெளியிட நேர்ந்தது. கீத் பக்கார்ட் 2000ஆம் ஆண்டளவிலே, எழுத்துருவைப் பணியாளனிடம் விட்டுவைக்காமல் நிரலின் பக்கத்திலேயே வைத்து, ஆயத்தமான உருவங்களை மட்டும் எக்ஸிடம் ஒப்படைக்கும் முறையை வகுத்தார். தமிழுக்கு விடிவு பிறந்தது இங்கேதான். படகோட்டிக்குத் தமிழ் தெரியவேண்டியதில்லை. துறையிலே நிற்பவருக்குத் தெரிந்தாற் போதும் என்றாயிற்று.

துறையிலே நிற்க வந்தது பாங்கோ என்னும் நூலகம். ஓவன் டெய்லர் முதலியோர் 2000ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினர். கிரேக்கத்தில் 'எல்லாம்' எனப் பொருள்படும் சொல்லையும் யப்பானிய மொழியில் 'மொழி' எனப் பொருள்படும் சொல்லையும் ஒட்டிய பெயர் அது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் தமிழுக்கெனத் தனிப் பகுதியே இருந்தது. ஆயினும் கியூட்டிக்குத் தனி உருவாக்கல் நிரல். வேறு மென்பொருள்களுக்கு வேறு நிரல். ஒரு நிரலிற் செவ்வையாகத் தோன்றிய சொல் அடுத்த சாளரத்திலே கொம்பு பிறழ்ந்து நிற்கும். பிழையை ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடங்களில் அது நீடிக்கும்.

இதனை ஒன்றாக்கியது ஹார்ஃப்பஸ். 'திறந்த எழுத்து' என்னும் பொருள்தரும் பாரசீகச் சொற்களாலானது அப்பெயர். ஃபிரீடைப் நூலகத்தின் பழைய பகுதியொன்றிலிருந்து கிளைத்த அதனை, ஈரானிற் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் முற்றிலும் புதிதாக எழுதினார். 2012ஆம் ஆண்டளவில் இந்திய எழுத்துமுறைகளுக்கான பகுதி பயனுக்கு வந்தது. ஃபயர்ஃபொக்ஸ், குரோம் ஆகிய உலாவிகள் அதனைக் கைக்கொண்டன. லிப்ரே ஒஃபிஸ் 2017இல் வெளியான தன் 5.3ஆம் பதிப்பில் எல்லாத் தளங்களுக்கும் அதனையே ஏற்றது. ஆரம்பகால அன்ட்ராய்டுத் தொலைபேசிகள் தமிழைப் பெட்டி பெட்டியாகக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். பின்னர் வந்தவற்றில், லினக்ஸ் கருவின்மீது ஹார்ஃப்பஸும் ஃபிரீடைப்பும் சேர்ந்து தமிழை எழுதுகின்றன. காத்தான்குடிக் கடையொன்றிலே கையிலிருக்கும் அன்ட்ராய்டுத் தொலைபேசியில் உறவினர் அனுப்பிய செய்தியை ஒருவர் வாசிக்கும்போது, அவர் பெயரறியாத இந்நூலகங்களே அவருக்கு எழுத்தாணி பிடிக்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. கேரளத்திலே 2002இல் தோன்றிய சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தொண்டர் குழு, எழுத்துரு செய்ததோடு நில்லாமல், பாங்கோ முதலிய அடித்தள நூலகங்களுக்குள்ளேயே புகுந்து மலையாளத்துக்குரிய திருத்தங்களை எழுதிச் சேர்த்தது. நம்மிலும் உழைத்தவர்கள் உண்டு. எனினும் நம் ஆற்றலிற் பெரும்பங்கு எந்தக் குறியீடு சிறந்தது என்னும் வழக்காடலிலே செலவாயிற்று.

எழுத்தை விட்டுக் கீழே இறங்கினால் இன்னொரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. எக்ஸ் பணியாளன் ஒழுங்கை நிலைநாட்டினான் என்றேன். ஆனால் அவனும் முழு அதிகாரத்தோடு வன்பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தான். 1990களின் பிற்பாதியிலேயே ஜி.ஜி.ஐ. என்னும் திட்டத்தினர், வன்பொருளைத் தொடும் பகுதி இயங்குதளக் கருவிற்குள் இருக்கவேண்டும் என்று வாதாடினர். அவர்களது நிரல் லினக்ஸ் கருவில் ஏற்கப்படவில்லை. அதே கொள்கை வேறு வடிவத்திலே 2009 மார்ச்சில், லினக்ஸ் 2.6.29ஆம் பதிப்பில், திரையமைப்பைக் கருவே நிருவகிக்கும் ஏற்பாடாக உள்ளே வந்தது. முன்னோடிகளின் பெயர் இன்று பலருக்கும் தெரியாது. முப்பரிமாணப் படங்களுக்கான மேசா நூலகத்தைப் பிரையன் போல் 1993இல் தனியாளாகத் தொடங்கினார். சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் ஓப்பன்ஜி.எல். என்னும் தன் பெயரைச் சூட்டாதிருந்தாற் போதும் என்று இசைந்தது. ஒருவரின் ஓய்வுநேர வேலையாகப் பிறந்த அந்நூலகமே பின்னாளில் லினக்ஸ் உலகின் பொதுச்சொத்தாயிற்று.

உரிமத்தின் வலிமையைக் காட்டிய நிகழ்ச்சி 2004இல் நேர்ந்தது. எக்ஸ்.எஃப்.86 திட்டத்தார் தம் 4.4ஆம் பதிப்பின் உரிமத்திலே புதியதொரு நிபந்தனையைச் சேர்த்தனர். லினக்ஸ் வழங்குநர் பலர் அதை ஏற்க மறுத்து, மாற்றத்துக்கு முந்திய நிரலை எடுத்துக்கொண்டு எக்ஸ்.ஓர்க் என்னும் பெயரில் வேலையைத் தொடர்ந்தனர். பழைய திட்டம் சில ஆண்டுகளில் ஆளற்றுப் போயிற்று. தமிழெழுத்தைத் தாங்கிய அடித்தளம் ஒரு குழுவின் முடிவினால் சரிந்துவிடாமல் நின்றது, நிரலை எவரும் எடுத்துச் செல்லலாம் என்னும் அந்த உரிமையினால்.

2008இல் கிறிஸ்தியன் ஹோக்ஸ்பெர்க் வேலண்ட் என்னும் புதுமுறையைத் தொடங்கினார். இதிலே நிரல் தன் படத்தைத் தானே முழுமையாக வரைந்து முடிக்கும். சாளரங்களை ஒருங்குசேர்த்துத் திரையில் இடுவது மட்டுமே நடுவரின் வேலை. துறையிலே காத்திருந்த காலம் போய்ப் பாலம் வந்தது என்று கொள்ளலாம். எக்ஸ் முறைக்காக எழுதிய பழைய நிரல்களும் இயங்குவதற்கு எக்ஸ்வேலண்ட் என்னும் இணைப்பு வைத்திருக்கின்றார்கள். கல்லடியிலே 2013இல் புதுப்பாலம் திறந்தபோதும், 1920களில் எழுந்த ஒற்றை வழி இரும்புப் பாலத்தை இடிக்காமல் விட்டுவைத்தார்கள் அல்லவா, அதுபோல.

இவ்வளவும் சொன்ன பின்னர், இன்னும் கரை சேராத ஓரிடத்தையும் சொல்லவேண்டும். லினக்ஸ் கணினியில் சாளரம் எதுவும் தோன்றுமுன், கரு தானே காட்டும் வெற்று எழுத்துத் திரை ஒன்றுண்டு. பழுதுபார்ப்போர் வேறு வழியில்லாதபோது வந்து நிற்கும் இடம் அது. அத்திரை ஒரு வேளையில் 512 உருவங்களுக்கு மேல் கொள்ளாது. ஓர் எண்ணுக்கு ஒரு கட்டம் என்னும் பழைய கணக்கிலேயே நெடுங்காலம் நடந்துவந்தது. கொம்பை முன்னே நகர்த்த அதற்குத் தெரியாது. 2012 அளவிலே டேவிட் ஹெர்மன் என்பவர் அதற்கு மாற்றாகக் கே.எம்.எஸ்.கொன் என்னும் திரையை எழுதி, எழுத்து வரைவதற்குப் பாங்கோவையும் துணைக்கொண்டார். ஆயினும் கருவின் சொந்தத் திரை நெடுங்காலம் பழைய முறையிலேயே இருந்தது. அங்கே கொக்கட்டிச்சோலை என்று தட்டினால், பொருத்தமான எழுத்துருவைக் கொடுத்தாலுங்கூட, ககரம் ஒரு கட்டத்திலும் ஒகரக் குறி அடுத்த கட்டத்திலுமாகத் துண்டுகள் தனித்தனியே நிற்கும்.